சிவப்புப் பொட்டு ஏன் விழவில்லை?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கொரோனா முடக்கத்தின்போது மகள் வாங்கித் தந்த ஒரு பாஸ்டல் வண்ணக்குச்சிப் பெட்டியில் தொடங்கிய பழக்கம் இன்று வீடு முழுக்கப் படமாகிவிட்டது. சென்ற இளவேனிலில் எங்கள் பகுதி ஓவியச் சங்கத்தின் திறந்த கண்காட்சியில் மூன்று படங்கள் வைத்தேன். ஃபிரேமுக்குத் தலா 60 பவுண்டு ஆனது. விலை தலா 75 என்று போட்டேன். ஒன்றுகூட விற்கவில்லை; விற்ற படத்தின் பக்கத்தில் ஒட்டும் சிவப்புப் பொட்டு என் படம் எதற்கும் விழவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், நல்லூர்க் கோபுரப் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையில் நிறத்தூள் கொட்டிக் கிடந்தது. பிறகு லண்டன் பாஸ்டல் சொசைட்டியின் கண்காட்சிக்கு இணையம் வழியாக அனுப்பினேன். தேர்வாகவில்லை என்று பதில் வந்தது. விலையை ஐம்பதாகக் குறை என்கிறார் கணவர். தூளை ஒட்டவைக்கும் தெளிப்பான ஃபிக்ஸேட்டிவை நன்றாக அடியுங்கள் என்கிறார் சங்கத்து நண்பர். நம் ஊர்ப் படங்களை இங்குள்ளவர்கள் வாங்கமாட்டார்களோ என்று எனக்கு ஐயம். ஐந்து படங்களின் புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து படங்களையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்லூர்க் கோபுரத்தின் மூன்றாம் நிலையில், பொம்மைகளுக்கு நடுவே ஒரு கை தெரிகிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. அது உங்கள் கைதான். ஃபிரேம் போட்ட பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்று படமெடுத்திருக்கிறீர்கள். இதற்குப் பின்னால் வருகிறேன். நான் இருபத்தைந்து வருடமாகப் படங்களுக்கு ஃபிரேம் போட்டுச் சாப்பிடுகிறவன். நானும் பாஸ்டல் தீட்டுவேன். இரண்டு சங்கங்களில் படம் மாட்டும் குழுவில் இருந்திருக்கிறேன். ஆகையால் என் பதில் கொஞ்சம் ஆணி, அட்டை, கண்ணாடி என்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தூள். பாஸ்டல் என்பது நிறமித்தூளைக் கொஞ்சமே கொஞ்சம் பிசினில் பிடித்து உருட்டிய குச்சி. எண்ணெய் வண்ணம் போல அது காய்ந்து தோலாக மாறுவதில்லை. வாசலில் போட்ட கோலம் தரையில் கிடப்பது போல, தாளின் சொரசொரப்பில் தூள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காரில் ஒரு குலுங்கல், மண்டபத்துக் கதவை யாரோ அறைந்து சாத்துவது, சுவரில் மாட்டும்போது ஒரு தட்டு, எதற்கும் கொஞ்சம் உதிரும். நல்ல பாஸ்டல் படமும் உதிரும். ஆகவே உதிர்வதைத் தடுக்கப் பார்ப்பதைவிட, உதிர்ந்தது கண்ணில் படாத இடத்தில் விழும்படி செய்வதுதான் என் தொழிலில் பாதி.

உங்கள் ஃபிரேமைப் படத்தில் பார்த்தேன். படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டை, படத்தின்மேல் நேராகப் படுத்திருக்கிறது. அட்டையின் உள்விளிம்பு வெள்ளைச் சரிவாக வெட்டப்பட்டு வெளியே பார்க்கிறது. நீர்வண்ணப் படத்துக்கு அது அழகு. பாஸ்டலுக்கோ அது திண்ணை. மேலிருந்து உதிரும் தூள் ஒவ்வொரு துகளும் அந்தச் சரிவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டையை மாற்றவேண்டியதில்லை. அதே அட்டையைத் திருப்பி, சரிவு உள்நோக்கிப் போகும்படி வைக்கவேண்டும். அதற்குப் பின்னால், படம் தெரிய அட்டையில் வெட்டிய ஜன்னலின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, நாலைந்து மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அட்டைக் கீற்றை நான்கு பக்கமும் ஒட்டவேண்டும். இப்போது மவுண்ட் படத்தைத் தொடாமல் மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டாகும். தூள் படத்தின் மேற்பரப்பில் வழுக்கி நேராக அந்த வாய்க்காலுக்குள் விழுந்துவிடும். பத்து வருடம் கழித்துப் பின்பக்கத்தைத் திறந்தால் அடியில் ஒரு மெல்லிய வண்ணக்கோடு கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் ஃபிரேம்காரரிடம் "பாஸ்டல்" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவரே செய்திருப்பார். சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியும் செய்யவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்து ஃபிக்ஸேட்டிவ். உங்கள் நண்பரின் யோசனையைக் கேட்காதீர்கள். ஏன் என்பது உங்கள் வீட்டுப் பூசை அறையிலேயே இருக்கிறது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் பூசியவுடன் அது சரியாகத் தெரியாது. காய்ந்த பிறகுதான் பளிச்சென்று வெளுக்கும். துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால் ஒளி சிதறி வெண்மை தெரியும். அங்கே தண்ணீர் நிரம்பியிருக்கும்வரை சிதறல் குறைந்து மங்கும். ஃபிக்ஸேட்டிவும் இதையேதான் செய்கிறது. ஒரு வேறுபாடு: தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், ஃபிக்ஸேட்டிவின் பிசின் போகாது. காற்றிருந்த இடத்தில் அது நிரந்தரமாகக் குடியேறிவிடும். கடைசியில் வைத்த வெள்ளைத் தீற்றல், கோபுரக் கலசத்தில் வெயில் பட்ட அந்த மஞ்சள், இவைதான் முதலில் இறங்கும். பாஸ்டலை பாஸ்டலாக்குவது அந்தத் தூளின் ஒளி. அதைக் கொன்றுவிட்டுத் தூளைக் காப்பாற்றி என்ன பயன்?

அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய தெளிப்பு வேறு கதை. பிரெஞ்சு ஓவியர் தெகாவே அப்படிச் செய்தவர்தான்: ஓர் அடுக்கு தீட்டி, நிறுத்தித் தெளித்து, அதன் மேல் மீண்டும் தீட்டுவார். தாளின் சொரசொரப்பு நிரம்பி இனி வண்ணம் பிடிக்காது என்ற நிலையில் அது உதவும். ஆனால் கடைசி அடுக்கின் மேல் ஒன்றும் அடிக்காதீர்கள். அதற்குப் பதில் முடித்த படத்தைப் பலகையோடு நிமிர்த்திப் பிடித்துப் பின்னால் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். உதிரவேண்டியது அங்கேயே உதிரட்டும். படம் மங்கலாகிவிட்டதாகத் தோன்றினால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தொடுங்கள்.

பாஸ்டலுக்குக் கண்ணாடிதான். அக்ரிலிக் தகடு இலேசானது, உடையாது என்று ஆசை காட்டுவார்கள். அதைத் துணியால் துடைத்தவுடன் நிலைமின்னேற்றம் உண்டாகித் தூளை இழுக்கும். என் முதல் திறந்த கண்காட்சிக்கு நான் ஒரு கிழவரின் முகத்தைக் கரியும் பாஸ்டலுமாகத் தீட்டி, மலிவாகக் கிடைத்த தகடு போட்டுக் கொண்டுபோனேன். ஒப்படைக்கும் மேசையில் வைத்துப் பளபளவென்று துடைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் கிழவரின் மூக்கின் ஒரு பக்கம் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் ஒருவர் அது நவீன பாணி என்று நினைத்து நெடுநேரம் நின்று ரசித்தார். பெரிய படங்களுக்கு, அல்லது தபாலில் அனுப்பும் படங்களுக்கு, சில கண்காட்சிகள் கண்ணாடி வேண்டாம் என்று விதி வைத்திருக்கும். அப்போது நிலைமின்னேற்றம் ஏறாத வகைத் தகடு வாங்கவேண்டும், விலை கொஞ்சம் கடிக்கும். ஒவ்வொரு கண்காட்சியின் விதித்தாளையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வளையம் எங்கே இருக்கவேண்டும், கயிறு வேண்டுமா வேண்டாமா என்பதுவரை அதில் இருக்கும். கயிற்றின் முடிச்சு தளர்ந்த படத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஈவிரக்கம் இல்லாமல் அல்ல, அது கீழே இருக்கும் இன்னொருவர் படத்தின்மேல் விழும் என்பதால்.

இனிப் பணம். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். விலை 75. உள்ளூர்ச் சங்கம் விற்பனையில் கால் பங்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 18 பவுண்டு 75 பென்ஸ். உங்கள் கைக்கு வருவது 56.25. ஃபிரேம் 60. நுழைவுக் கட்டணம் படத்துக்கு 5 என்று கொண்டால், ஒரு படம் விற்றிருந்தால் உங்களுக்கு 8.75 நட்டம். மூன்றும் விற்றிருந்தால் 26 பவுண்டு 25 பென்ஸைக் கையை விட்டுக் கொடுத்திருப்பீர்கள். விற்காமல் போனதே உங்கள் லாபம். உங்கள் கணவர் சொல்லும் ஐம்பதுக்குப் போனால் ஒரு படத்துக்கு 27.50 போகும். அவரிடம் இதை என் கணக்கு என்று சொல்லிக் காட்டுங்கள். உங்கள் கணக்கு என்று சொன்னால் வாதாடுவார்.

குறைந்த விலையில் இன்னொரு கெடுதலும் உண்டு. பக்கத்துச் சுவரில் அதே அளவுப் படம் 300 என்றிருக்க, உங்களுடையது 75 என்றிருந்தால், பார்க்கிறவர் மலிவு என்று பாய்ந்து வாங்கமாட்டார். இது அச்சுப் பிரதியோ, அல்லது வரைந்தவருக்கே இதில் நம்பிக்கை இல்லையோ என்று நினைப்பார். சந்தையில் எல்லாரும் கிலோ நூறுக்கு விற்கும் மாம்பழத்தை ஒருத்தி இருபதுக்குக் கொடுத்தால் நாம் முகர்ந்து பார்ப்போமா மாட்டோமா?

பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலப் பாஸ்டலுக்கு நான் உங்களை 280 போடச் சொல்வேன். இந்த எண் எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். திறந்த கண்காட்சிகளில் கமிஷன் இடத்துக்கு இடம் மாறும். தேவாலய மண்டபத்தில் நடப்பதற்கும் மத்திய லண்டன் கேலரியில் நடப்பதற்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வேறுபாடு இருக்கும். பெரிய இடங்களில் கமிஷனுக்கு மேல் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும். நாற்பது சதவீதக் கமிஷன் என்றால் வரியோடு சேர்த்து 48 ஆகிவிடும். ஆனால் ஒரே அளவுப் படத்துக்கு ஹாரோவில் ஒரு விலை, லண்டனில் ஒரு விலை, வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு விலை என்று வைக்கக்கூடாது. லண்டனில் வாங்கியவர் அடுத்த மாதம் உங்கள் ஊர் மண்டபத்தில் பாதி விலையைப் பார்த்தால் அத்தோடு அந்த உறவு முடிந்தது. எனவே அதிகக் கமிஷன் கேட்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, எல்லா இடத்துக்கும் அதையே விலையாக வைக்கவேண்டும். நான் சொன்ன முறையில் நல்ல கண்ணாடியோடு ஃபிரேம் 85 ஆகும் என்று கொள்ளுங்கள். 280க்கு விற்றால் உள்ளூரில் 210 வரும்; ஃபிரேமும் கட்டணமும் போக 120 நிற்கும். அந்த நாற்பது சதவீத இடத்தில் 145.60 வரும், ஃபிரேமும் ஒரு 20 பவுண்டு கட்டணமும் போக நிற்பது 40.60. மூன்று நாள் உழைப்புக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனாலும் நட்டம் இல்லை.

விலை கூடினால் இன்னும் விற்காமல் போகுமே என்பீர்கள். உங்கள் படங்கள் ஏன் விற்கவில்லை என்பதற்கு வருகிறேன். மாட்டும் நாளை உங்களுக்குச் சொல்லவேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தின் சுவரோரமாக இருநூறு படங்கள் சாய்ந்து நிற்கும். குழுவில் நாலு பேர், இரண்டு பேருக்கு முதுகு வலி. மாலை ஆறு மணிக்குத் தொடக்க விழா. முதலில் பெரிய படங்களுக்கு இடம் பிடிப்பார்கள். பிறகு நிறம் பார்த்து அடுத்தடுத்து நிறுத்துவார்கள். பளபளக்கும் கண்ணாடியும் கருத்த படமும் சேர்ந்தால் அதற்கு ஜன்னலுக்கு எதிரே இடம் கிடையாது. பார்ப்பவர் முகம்தான் தெரியும். அதை ஓரத் தடுப்புக்குத் தள்ளுவார்கள். உங்கள் மயில் படங்கள் இரண்டும் தேநீர் மேசைக்குப் பின்னால் தொங்கின என்று எழுதியிருக்கிறீர்கள். குழு உங்களை வெறுத்ததாக எண்ணவேண்டாம். கருநீலப் பின்னணி, சாதாரணக் கண்ணாடி, தங்க முலாம் பூசிய அகல ஃபிரேம். எந்தச் சுவரில் வைத்தாலும் பக்கத்துப் படத்தோடு சண்டை போடும். எளிய வெளிர் மர ஃபிரேமும், கட்டுப்படியானால் ஒளி தெறிக்காத கண்ணாடியும் போட்டிருந்தால் அவை நடுச்சுவருக்கு வந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் யார் என்பதையும் பாருங்கள். சிறிய சங்கத்துக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓவியர்களின் உறவினரும் நண்பர்களும் தெருவில் வசிப்பவர்களும்தான். தாங்கள் நாய் நடத்திப்போகும் பாதையை, பிள்ளை படித்த பள்ளியின் மதிலை அவர்கள் படத்தில் கண்டால் நின்றுவிடுவார்கள். நல்லூரை அவர்கள் நிராகரிக்கவில்லை. அதில் அவர்களுடைய நினைவு எதுவும் இல்லை. நினைவு இருப்பவர்கள் ஹாரோவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. தொடக்க விழாவுக்கு நீங்கள் எத்தனை பேரை அழைத்தீர்கள்? மகளும் கணவரும் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் கூட வேலை செய்த தாதிகள் எங்கே? கோவிலில் சந்திப்பவர்கள் எங்கே? முதல் சிவப்புப் பொட்டு எப்போதுமே தெரிந்த ஒருவர் வாங்கித்தான் விழும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பொட்டு ஒட்டிய படத்தின் பக்கத்தில் தெரியாதவர்கள் கூடுதலாக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்த முகத்துக்கு ஒரு களை வந்துவிடுகிறது.

கண்காட்சியில் முறைவைத்துக் காவலுக்கு உட்காரச் சொல்வார்கள். கதை புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். "இது சோக்கா? கையில் ஒட்டுமா?" என்று உங்களிடம் ஒரு பெண்மணி கேட்டதாகவும், நீங்கள் "ஆமாம், கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நொடியில் 75 பவுண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த முறை இப்படிச் சொல்லுங்கள்: எண்ணெய் ஓவியத்தில் இருக்கும் அதே வகை நிறமிதான் இதிலும். எண்ணெயும் வார்னிஷும் இல்லாததால் மஞ்சளிக்காது. கண்ணாடிக்குள் வைத்து, நேர்வெயில் படாமல் மாட்டினால் போதும். ஆதாரம் கேட்டால் டிராஃபல்கர் சதுக்கத்துக்குக் கைகாட்டுங்கள். ஓவியர் லியோட்டார் 1754இல் பாஸ்டலில் தீட்டிய லவெர்ன் குடும்பத்தின் காலைச் சாப்பாடு அங்குள்ள நேஷனல் கேலரியின் சேகரிப்பில் இருக்கிறது. கோப்பையில் தோயும் ரொட்டித் துண்டும், தலைமுடியில் காகிதம் சுற்றிய சிறுமியும் இன்றும் நேற்று வைத்தது போலிருக்கும். பாஸ்டல் மலிவுச் சரக்கு என்று யாராவது முகம் சுளித்தால், மூங்கின் 'அலறல்' ஓவியத்தின் 1895ஆம் ஆண்டுப் பாஸ்டல் வடிவம் 2012இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 12 கோடி டாலருக்குப் போனது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவரிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், ஓடிவிடுவார்.

லண்டன் விஷயம். பாஸ்டல் சொசைட்டி 1898இல் தொடங்கியது. அதன் ஆண்டுக் கண்காட்சி பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் சாலையில், மால் கேலரீஸில் நடக்கிறது. பாஸ்டல் மட்டுமல்ல, கரி, பென்சில், கோந்தே என்ற கெட்டி வண்ணக்குச்சி போன்ற உலர்ந்த ஊடகங்களுக்கும் அங்கே இடமுண்டு. உறுப்பினர் அல்லாதவர்களும் அனுப்பலாம் என்பதால்தான் அது திறந்த கண்காட்சி; அனுப்பியவற்றையெல்லாம் மாட்டுவார்கள் என்று பொருளில்லை. சுவரில் ஒரு பங்கு உறுப்பினர்களுக்குப் போய்விடும். மீதிக்குத்தான் போட்டி. முதல் சுற்றில் தேர்வாளர்கள் திரையில் மட்டும் பார்க்கிறார்கள். அதில் தேறினால்தான் படத்தை நேரில் கொண்டுவரச் சொல்வார்கள், அங்கே இரண்டாவது முறை சலிப்பார்கள். அப்படியென்றால் உங்கள் ஓவியத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. உங்கள் புகைப்படத்தைப் பார்த்தார்கள். அதில் கோபுரம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, விளக்கொளி மஞ்சளாக வழிகிறது, நடுவில் உங்கள் கை.

இனி ஃபிரேம் போடுவதற்கு முன்னரே படமெடுங்கள். மேகம் மூடிய நாளில், நேர்வெயில் விழாத ஜன்னலருகே, படத்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, தொலைபேசியை அதன் நடுவுக்கு நேராகப் பிடியுங்கள். நான்கு விளிம்பும் இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். மவுண்டும் ஃபிரேமும் இல்லாமல் படத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள். நிறத்தைக் கூட்டிப் பளபளப்பாக்காதீர்கள். இரண்டாம் சுற்றில் நேரில் பார்க்கும்போது திரையில் இருந்த நீலம் தாளில் இல்லையென்றால், உங்களை ஏமாற்றுக்காரியாக நினைக்காவிட்டாலும், ஏமாற்றமாக நினைப்பார்கள்.

கோபுரப் படத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புகைப்படம் இன்னொருவருடைய சொத்து. அனுமதி இல்லாமல் அதைப் பார்த்து வரைந்து விற்பதற்குச் சட்டம் இடம் தராது. சொந்தப் படைப்பாக இருக்கவேண்டும் என்று திறந்த கண்காட்சிகளின் விதித்தாளில் எழுதியிருக்கும், நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். தூள் கொட்டியது போகட்டும், இந்தக் காரணத்துக்காகவே அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விடியற்காலையில் நல்லூர் வீதியில் நின்று நீங்களே நாலு படம் எடுங்கள். ஒரு சின்னப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு, எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுந்தது என்று எழுதி வாருங்கள். அந்தக் கோபுரம் வேறு மாதிரி வரும், பந்தயம் கட்டுகிறேன்.

மயில்கள் இரண்டும், பனைமரமும் நன்றாகத் தீட்டியவைதான். ஆனால் யார் வேண்டுமானாலும் தீட்டியிருக்கலாம். ஐந்தாவது படம் அப்படியல்ல. "அது சும்மா போட்டது, விற்கிறதுக்கு இல்லை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். கறுப்புத் தாளில் மழை இரவு. பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் வந்துகொண்டிருக்கும் பஸ்ஸின் சிவப்பு, ஈரத்தில் கரைந்து தரைவரை வழிகிறது. இருக்கையில் ஒரு பெண் மேற்சட்டைக்குக் கீழே வெளிர்நீலச் சீருடையோடு, செருப்பை அரைவாசி கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குதிகாலில் நீங்கள் வைத்திருக்கும் ஒரே ஒரு மங்கிய இளஞ்சிவப்புத் தீற்றலை நான் நெடுநேரம் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலைத் தெரிந்தவர் மட்டுமே அதை அந்த இடத்தில் வைக்கமுடியும். தாளின் கறுப்பை நீங்கள் அப்படியே இரவாக விட்டுவிட்டீர்கள்; தொடாமல் விட்ட இடம்தான் அங்கே அதிகம் பேசுகிறது. ஹாரோக்காரர்களுக்கு அந்த நிறுத்தம் தெரியும். தெரியாதவர்களுக்கும் அந்தக் கால் தெரியும்.

அதே நினைவிலிருந்து இன்னும் மூன்று நாலு தீட்டுங்கள்: இரவுப் பணி அறையின் மேற்சட்டைகள், காலை ஆறு மணிக்குத் தேநீர் இயந்திரத்தின் வெளிச்சம், உங்களுக்குத் தெரிந்தவை. நோயாளிகளின் முகம் மட்டும் வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். ஒரே கையெழுத்தில் மூன்று படம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் குழுவும் அவற்றைப் பிரிக்க யோசிக்கும், பார்ப்பவரும் ஒருவரைச் சந்தித்த உணர்வோடு போவார். இணையத்தில் அனுப்பும்போதும் கோவில் ஒன்று, மயில் ஒன்று, பனை ஒன்று என்று கதம்பமாக அனுப்பாதீர்கள்.

சில்லறை விஷயங்கள். ஃபிரேம் இல்லாத படங்களை நிறுத்திவைக்கும் தொட்டியில் அசல் பாஸ்டலை வைக்காதீர்கள். ஆட்கள் புரட்டும்போது பிளாஸ்டிக் உறை தேய்த்தே பாதியைத் தின்றுவிடும். வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு வையுங்கள், நுழைவுக் கட்டணமாவது அதில் திரும்பும். படத்தை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், எழுத்தில் நீங்களே கொடுத்தால் ஒழிய. ஆகவே விற்ற படத்திலிருந்தும் அட்டை போடலாம். விற்பனையும் சேர்ந்து இப்படிப்பட்ட சில்லறை வருமானம் வரி ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பொதுவாக வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டியதில்லை. அதைத் தாண்டும் யோகம் வந்தால் ரசீதுகளையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருங்கள், ஃபிரேம் ரசீது உட்பட.

பஸ் நிறுத்தப் படத்தை எந்த ஃபிரேம்காரரிடம் கொண்டுபோனாலும், மேலே கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் ஒன்றை வைத்து, நகராதபடி நான்கு மூலையிலும் ஒட்டி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே கிடத்திக் கொண்டுபோங்கள். சுருட்டவேண்டாம். பஸ்ஸில் போனால் பக்கத்து இருக்கையில் செங்குத்தாக நிறுத்தாதீர்கள், மடியில் படுக்கவையுங்கள். அந்தக் குதிகால் தீற்றலை யாரும் தொட்டுப் பார்க்க விடாதீர்கள். மறுபடி அதே இடத்தில் அதே அழுத்தத்தில் உங்களாலேயே வைக்கமுடியாது.